பிச்சைமணி இழுத்த வயர்

அணக்கரை கடைத்தெருவில் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் மலையாளி. ஆனால் வண்டி மக்கர் செய்தால் ஜனங்கள் தேடியது அவரையல்ல, அவரிடம் வேலை பார்த்த பிச்சைமணியை. நின்றுபோன ஜீப்பின் பக்கத்தில் போய், பானெட்டைத் திறக்கும் முன்பே, "டைனமோ போயிருச்சுண்ணே" என்பான். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சின்னமனூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஏலக்காய் மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராக மலையேறி வந்தவன், இறங்கிப் போகவில்லை. பேட்டரி, டைனமோ, ஹாரன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, தானாகவே வேலை படித்துக்கொண்டான். ஏலக்காட்டில் காய் எடுக்கப் போகும் குருவம்மாளைக் கட்டிக்கொண்டு சக்குபள்ளத்தில், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இடுக்கியில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் நாடு முழுக்க வெளிச்சம் வரும் என்று பேச்சு. சக்குபள்ளத்தில் அப்போது சிம்னி விளக்குதான். வசதியான வீட்டில் பெட்ரோமாக்ஸ் இருக்கும்.

கழித்துப்போட்ட லாரி டைனமோ ஒன்றை வைத்துக்கொண்டு பிச்சைமணி ஒரு காரியம் செய்தான். மரத்தில் சக்கரம் அடித்து, ஓடைத் தண்ணீர் அதன் மேல் விழும்படி வைத்து, பெல்ட் போட்டு டைனமோவைச் சுற்றவிட்டான். அதிலிருந்து ஒரு பழைய பேட்டரிக்கு சார்ஜ் ஏறியது. அந்த பேட்டரியில் அணக்கரை டீக்கடை ஒன்றில் லாரி பல்பு எரிந்தது. தலையில் சுமையோடு வந்தவர்கள் சுமையை இறக்காமலே நின்று பார்த்தார்கள். அன்று முதல் அவனுக்குக் கரண்டு மணி என்று பெயர் விழுந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

செபமாலையம்மாள் அவனைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். இராயப்பன்பட்டிக்காரர், புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. சுற்றுவட்டத் தோட்டங்களில் பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேல் அவர் கையில்தான் பிறக்கும். ஆஸ்பத்திரி தூரம், ரோடு மோசம். வலி கண்ட பெண்களை மேட்டிலிருந்த அவர் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு அறை, அதில் ஒன்றைப் பிரசவத்துக்கென்றே ஒழித்து வைத்திருந்தார்.

"ஏப்பா பிச்ச, டீக்கடைக்கு வெளிச்சம் போட்டிருக்கியாமே. டீ கண்ணு தெரியாம குடிச்சாலும் வாய்க்குள்ளதான் போகும். நான் இருட்டுல தடவித் தடவிப் பிள்ள எடுக்குறேன். எனக்குப் போட்டுத் தர மாட்டியா?"

குருவம்மாளுக்குப் பிறந்த மகளையும் எடுத்த கை அது. பிச்சைமணி உடனே சொல்லிவிட்டான்: "இந்தக் கிறிஸ்மசுக்கு உங்க வீட்டு ஸ்டாரு கரண்டுலதான் எரியும்க்கா."

சொன்னது கார்த்திகை மாதம். சக்கரம் செய்வதும் டைனமோ பூட்டுவதும் அவனுக்குப் பெரிய வேலையில்லை. கஷ்டம் வயரில் இருந்தது. வீட்டுக்கு வருகிற சர்க்கார் கரண்டு வேகமானது, சன்னமான வயரிலும் ஓடிவிடும். பேட்டரிக் கரண்டு அப்படியில்லை. அழுத்தம் குறைவு, அதே வெளிச்சத்துக்கு அளவு அதிகமாக ஓட வேண்டும். அதற்குக் கனமான செம்பு வயர் வேண்டும். சன்னமான வயரில் அதைத் தள்ளினால் வெளிச்சமும் மங்கும், வயரும் சூடாகும். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பிச்சைமணி முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் எப்படி இருக்கிறது, ஹாரன் பட்டனுக்குப் போகும் வயர் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வான்.

மலைக்குக் கீழே கம்பம் ஊரிலிருந்து நல்ல வயர் வாங்கி வரச் சொல்லி ஒரு லாரி டிரைவரிடம் சொல்லிவிட்டான். மழையில் மலைப்பாதை சரிந்து லாரிகள் கீழேயே நின்றுவிட்டன. கழித்த லாரி ஒன்றிலிருந்து உருவிய கனமான வயர் கொஞ்சம் கைவசம் இருந்தது. ஓடையிலிருந்து மேட்டு வீடு வரை இழுக்க அது சரியாக இருந்தது. வீட்டுக்குள் இழுக்க ஒன்றுமில்லை. கிறிஸ்மஸ் வந்துகொண்டே இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்னா கரண்டு மணி, ஸ்டாரு எரியுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

ஒர்க்‌ஷாப் அலமாரியில் பெல் வயர் சுருள் ஒன்று கிடந்தது. எஸ்டேட் பங்களா ஒன்றில் வாசல் மணி அடிக்க வாங்கியதில் மிச்சம். நூல்கண்டுபோலச் சன்னமாக, சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னி, பார்க்க அழகாக இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டான்.

செபமாலையம்மாள் வீட்டுக் கூரை புல் வேய்ந்தது. அதற்குக் கீழே மூங்கிலில் பின்னிய பனம்புத் தட்டியை மச்சுபோலக் கட்டியிருந்தார்கள். பனம்புக்கு மேலே, புல்லை ஒட்டி, பெல் வயரை இழுத்தான். வாசல் ஸ்டாருக்கு ஒரு பல்பு, அடுப்படிக்கு ஒன்று, பிரசவ அறைக்கு ஒன்று. பிரசவ அறைக்கு மட்டும் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று லாரி ஹெட்லைட் பல்பையே மாட்டினான். பேட்டரியை அடுப்படி மூலையில் பலகை மேல் வைத்தான். பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் ஃபியூஸ் வைக்க வேண்டும். அது இல்லை. நேராக முறுக்கிவிட்டான்.

பல்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தான். வீடு பளிச்சென்று ஆனது. செபமாலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிச்சைமணி ஸ்டூலில் ஏறி, ஏதோ தோன்றி, பனம்புக்கு மேலே கையைவிட்டு வயரைத் தொட்டான். வெதுவெதுவென்று இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றான். கூடிக்கொண்டு போனது.

அவன் இறங்கி, அடுப்படி பல்பையும் வாசல் பல்பையும் அணைத்தான்.

"ஏன் தம்பி அணச்சிட்ட?"

"ஒரு நேரத்துக்கு ஒரு பல்புதான் போடணும்க்கா."

"ஏன்?"

வயர் தாங்காது என்பது அவன் நாக்கு நுனியில் இருந்தது. வாசலில் அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். "பேட்டரி சீக்கிரம் எறங்கிரும்" என்றான். பிறகு, "ஏதாச்சும் கோளாறுன்னா பேட்டரில இருந்து வயரப் புடிச்சு இழுத்துருங்க. அம்புட்டும் அணஞ்சுரும்" என்று சேர்த்துக்கொண்டான்.

கிறிஸ்மஸ் அன்று ஸ்டார் எரிந்தது. அடிவாரத்து லைன்களிலிருந்து பார்த்தால் மேட்டில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. பூசைக்குக் கோவிலுக்கு வந்த பங்குச் சாமியார் அந்த மேடு வரை நடந்து வந்து பார்த்து, பிச்சைமணியின் தோளைத் தட்டினார். ரோடு திறந்ததும் தையில் வயரை மாற்றிவிட வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டான்.

தையில் ஏலக்காய் ஏலம் மும்முரம், ஜீப்புகளுக்கு ஓயாத வேலை. மாசியில் கம்பத்துக்குப் போயும் வந்தான், சாமான் கடைக்குப் போக நேரமில்லை. பங்குனியில் போக நேரம் இருந்தது. ஆனால் வெளிச்சம்தான் நன்றாக எரிகிறதே. செபமாலையம்மாள் சொன்னபடி ஒரு பல்புதான் போடுகிறார். அந்த வழியாகப் போகும்போது மட்டும் அவன் கண் கூரைப்பக்கம் போகும். பிறகு அதுவும் குறைந்தது.

ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்டது. அந்த மலையில் மழைக்காலத்துப் பகலுக்கும் விளக்கு வேண்டும். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அப்படி ஒரு மத்தியானம் கருத்தப்பாண்டி என்கிற தோட்டத் தொழிலாளி தன் பெண்சாதி பூமாரியைக் கைத்தாங்கலாக மேட்டுக்கு அழைத்து வந்தான். தலைச்சன் பிரசவம். பிள்ளை குறுக்கே இருந்தது. செபமாலையம்மாள் பிரசவ அறை பல்பைப் போட்டார். வெந்நீர் வைக்க அடுப்படி பல்பைப் போட்டார். உதவிக்கு வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று வாசல் பல்பையும் போட்டார். பேட்டரி இறங்கினால் இறங்கட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

அன்று ஓடை நிறைய தண்ணீர். டைனமோ வேகமாகச் சுற்றியது. பேட்டரியும் நிறைந்திருந்தது.

முதலில் ரப்பர் கருகும் வாடை வந்தது. அடுப்பில் எதுவோ விழுந்துவிட்டது என்று உதவிக்கு வந்திருந்த பெண்கள் நினைத்தார்கள். பிறகு பனம்பின் இடுக்குகளில் புகை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது தலைக்கு மேலே புல் பிடித்துக்கொண்டிருந்தது. "தூக்குங்கடி அவள" என்று கத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினார். பிச்சைமணி சொன்னதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பேட்டரி வயரை வலது கையில் சேர்த்துப் பிடித்து இழுத்தார். வயர் பழுக்கக் காய்ந்திருந்தது. மேலுறை உருகி உள்ளங்கையிலும் விரல்களிலும் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் விடாமல் இழுத்து அறுத்தார். விளக்குகள் அணைந்தன. கூரை எரிந்தது.

பூமாரியைக் கீழே நாச்சம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாச்சம்மாள் லைனில் குடியிருந்த நடுவயதுப் பெண், முன்பே செபமாலையம்மாளுக்குக் கூடமாட இருந்து பழக்கம். ஈரத்துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலையம்மாள் வாயால் சொல்லச் சொல்ல, நாச்சம்மாளின் கையில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை, தாயும் நலம். அதன்பிறகுதான் செபமாலையம்மாள் மயங்கி விழுந்தார்.

ஒர்க்‌ஷாப்புக்குச் செய்தி வந்தபோது பிச்சைமணி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். கையைக்கூடத் துடைக்காமல் மழையில் ஓடினான். கூரை இல்லாத வீடு புகைந்துகொண்டிருந்தது. சுவரோரம் பெல் வயர் கரிக்கோடாகத் தொங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் யாருக்கும் புரியவில்லை. அதைச் சுருட்டி எடுத்து ஓடையில் போட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து செபமாலையம்மாள் திரும்பி வந்தபோது வலது கையில் கட்டைவிரலும் அடுத்த விரலும் மட்டும் அசைந்தன. மற்ற மூன்றும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிப்போயிருந்தன. பார்க்க வந்தவர்கள் முன்னால், பிச்சைமணியும் நிற்க, அவர் சொன்னார்:

"பிச்ச மேல ஒரு குத்தமும் இல்ல. ஒன்னுதான் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான்தான் வெளிச்சத்துக்குப் பேராசப்பட்டு எல்லாத்தையும் போட்டுத் தொலச்சேன்."

பெண்கள் பிச்சைமணியைப் பார்த்து, "நீ என்னா பண்ணுவ, விடு" என்றார்கள். கருத்தப்பாண்டியும், "நீ வருத்தப்படாதண்ணே" என்றான். அந்த நேரம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே டீக்கடைக்குப் போய் அங்கு போட்டிருந்த வயரை எல்லாம் பிடுங்கினான். கடைக்காரர் சண்டைக்கு வந்தார். "நல்லா எரியுறத எதுக்குப்பா புடுங்குற?" "நல்ல வயரு வாங்கியாந்து போடுறேன்" என்று மட்டும் சொன்னான். அது நடந்ததும் அவன் பெயர் இன்னும் உயர்ந்தது. அந்த அம்மாளின் தப்புக்கு இவன் இப்படி மனசு வைக்கிறானே என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவன் வேறு வழியாகப் போனான்.

கம்பம்மெட்டு வழியாக இறங்கிக் கம்பத்துக்குப் போனான். காளிச்சாமி என்பவர் அங்கே வயரும் மோட்டார் சாமானும் விற்கும் கடை வைத்திருந்தார். வயர் கேட்டதும் அவர் முதலில் கேட்டது தூரத்தை.

"எங்கருந்து எங்க இழுக்கப்போறீக? எத்தன பல்பு? பேட்டரியா, லைன் கரண்டா?"

பிச்சைமணி சொன்னான். காளிச்சாமி ஒரு சுருளை இறக்கி, நுனியைச் சீவி, ஏழு செம்புக் கம்பிகளையும் விரித்துக் காட்டினார். "பேட்டரின்னா இதுக்குக் கம்மியா போடாதீக. புல்லுக் கூரையா இருந்தா குழாய்க்குள்ள விட்டு இழுங்க. ஃபியூஸ் கட்டாயம்."

"பெல் வயரு போட்டா?" என்று பிச்சைமணி கேட்டுவிட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

காளிச்சாமி சிரித்தார். "பேட்டரிக்கா? வீட்டக் கொளுத்துறதுக்குன்னா போடலாம். வெவரங்கெட்டவன் எவனாச்சும் போட்டானா?"

"எவனோ ஒருத்தன் போட்டானாம்."

"அவன் வேலக்காரனே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வயரை அளக்கத் தொடங்கினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குருவம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பனம்புக்கு மேலே கைவைத்துப் பார்த்தது வரை சொன்னான். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெளிய சொல்லீராதீக" என்றாள் கடைசியில். "அந்தக்காவே தன் தப்புன்னு சொல்லிருச்சு. நீங்க போயி வாயவிட்டா வேலயும் போகும், கருத்தப்பாண்டி கத்தியத் தூக்குவான். இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவனுக்கு அந்தப் பேச்சு தேவையாக இருந்தது. யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவளிடம் சொன்னானோ என்று பிறகு அவனுக்குத் தோன்றியதுண்டு.

தோட்டத்தில் செபமாலையம்மாளுக்குத் தகரக்கூரை போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் மறுபடியும் அங்கேயே வந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, நாச்சம்மாள் கைவேலை பார்த்தாள். பிச்சைமணி புது வயரையும் ஃபியூசையும் எடுத்துக்கொண்டு போய் நின்றான்.

"வேணாம் தம்பி. வெளிச்சத்துக்கு ஆசப்பட்டு நான் பட்டது போதும். என் கைக்கு அது ஒத்து வராது."

"இது நல்ல வயருக்கா."

"வயரு நல்லாத்தான் இருக்கும். நான் சரியில்லையே."

அவன் சுருளைத் தோளில் போட்டபடி இறங்கி வந்தான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் ஜீப்பை எடுத்துக்கொண்டு உடனே மேட்டுக்கு வரும்படி ஆள் வந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. சிம்னி வெளிச்சத்தில், கறுப்புப் பாவாடையில், எவ்வளவு போகிறது என்றே தெரியாமல் விட்டுவிட்டார்கள். அவள் கை சில்லிட்ட பிறகுதான் கண்டுகொண்டார்கள். சேற்றில் வழுக்கிக்கொண்டு பிச்சைமணி ஜீப்பை ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த நாச்சம்மாள் அழுதுகொண்டே வந்தாள். "தெரியலையே... இருட்டுல ஒன்னும் தெரியலையே... அக்கா வெளக்க வேணாம்னு சொல்லிருச்சே..."

அந்தப் பெண் பிழைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் ஜீப்பை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு பிச்சைமணி வீட்டுக்குப் போகவில்லை. நேராக மேட்டுக்குப் போனான். செபமாலையம்மாள் வாசலில் உட்கார்ந்து இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பொழச்சுட்டாளா?"

"பொழச்சுட்டாக்கா."

"மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அதையும் இடது கையால்தான் போட்டார்.

பிச்சைமணி நின்றுகொண்டே சொன்னான். "அக்கா, அன்னைக்கு நான் போட்டது பெல் வயரு. அது தாங்காதுன்னு எனக்குத் தெரியும். கைய வச்சுப் பாத்தேன், சுட்டுச்சு. பேட்டரி எறங்கும்னு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. புரியவில்லை என்று நினைத்து அவன் மறுபடியும் சொன்னான்.

"காது கேக்குது" என்றார். பிறகு, "நான் ஒரு பல்பு மட்டும் போட்டிருந்தா?" என்று கேட்டார்.

"அன்னைக்கு எரிஞ்சிருக்காது. என்னைக்காச்சும் எரிஞ்சிருக்கும்."

"சுடும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?"



செபமாலையம்மாள் எழுந்தார். கீரை மடியிலிருந்து கொட்டியது. "இந்தக் கை போனதுக்குக்கூட நான் அழல பிச்ச. பூமாரியக் கொல்லப் பாத்தனேன்னு அழுதேன். பாவசங்கீர்த்தனத்துல முட்டி போட்டு சாமியார்கிட்டச் சொன்னேன். அவரு சொன்ன செபத்தெல்லாம் சொன்னேன். ஒன் பாவத்த நான் போயி சொல்லிட்டு வந்திருக்கேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க. நேத்து அந்தப் பொண்ணு செத்திருந்தா அதையும் நான்தான் சொமந்திருப்பேன்."

அவன் காலில் விழப்போனான். "எந்திரி" என்றார். குரல் ஏறவில்லை. "எங்கிட்டச் சொல்லிப் புண்ணியமில்ல. நான் எல்லாருக்கும் முன்னால என் தப்புன்னு சொன்னேன். நீயும் எல்லாருக்கும் முன்னால சொல்லு. பெரட்டுல வந்து சொல்லு."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்து அனுப்பும் இடம். மறுநாள் கங்காணி செங்கோட்டையன் பேர் கூப்பிட்டு முடித்ததும், பிச்சைமணி முன்னால் போய் நின்று சொன்னான். வயர் சன்னம், தனக்குத் தெரியும், பொய் சொன்னேன் என்று மூன்றையும் சொன்னான். நன்றாகப் பேசத் தெரிந்தவன் அன்று திக்கினான். கூடைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். குருவம்மாளும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

கருத்தப்பாண்டி வரிசையிலிருந்து வந்து அவனைக் கன்னத்தில் அறைந்தான். அடுத்த அறைக்குக் கையை ஓங்கியவனை செங்கோட்டையன் பிடித்துக்கொண்டார். "சரி, சரி. ஆனது ஆயிருச்சு. வேலைக்குப் போங்க, பனி எறங்குறதுக்குள்ள ஒரு கூடையாவது எடுக்கணும்" என்றார். கூட்டம் கலைந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பிச்சைமணி அங்கேயே நின்றான். ஏதோ பெரிதாக நடக்கும் என்று இத்தனை மாதம் பயந்திருந்தான். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் மனசு இறங்கவில்லை.

குருவம்மாள் அன்று சாயங்காலம் வந்து, "எனக்குப் பின்னால நின்ன பொம்பளைக எல்லாம் தள்ளிப்போயி நின்னாளுக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுப்பைப் பற்றவைத்துச் சோறாக்கினாள்.

அந்த வாரமே செபமாலையம்மாள் ஆள் அனுப்பினார், வயரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி. இரும்புக் குழாய்க்குள் ஏழு கம்பி வயரை விட்டு, பேட்டரியை வெளியே தனியாக வைத்து, ஃபியூஸ் போட்டு முடிக்கும் வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். ஃபியூஸ் எதற்கு, கம்பி ஏன் ஏழு, குழாய் ஏன், முறுக்கிய இடத்தில் ஏன் ஈயம் வைக்கிறாய். பாதி பதிலில் நிறுத்தினால், "முழுசா சொல்லு" என்பார். வேலை முடிந்ததும் எல்லா பல்பையும் போடச் சொன்னார். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை அவை எரிந்தன. அது வரை அவனைப் போகவிடவில்லை. வாசலில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார், காபி கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிறையப் பிரசவம் நடந்தது. நாச்சம்மாள் கை தேர்ந்துவிட்டாள். கரண்டு மணி என்ற பெயர் மெதுவாக உதிர்ந்து, வெறும் பிச்சைமணியே மிஞ்சினான். ஒர்க்‌ஷாப் முதலாளி அவனை நிறுத்தவில்லை. ஆனால் வீட்டு வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அவன் போகவில்லை. யாராவது இருக்கிற வயரை வைத்து இழுத்துக் கொடு என்றால், நல்லது வரட்டும் என்பான். மற்றவர்கள் அவனைப் பிடிவாதக்காரன் என்றார்கள். கருத்தப்பாண்டி அவனோடு பேசவேயில்லை. பூமாரி மட்டும் கடைத்தெருவில் பார்த்தால் இடுப்பில் இருக்கும் பிள்ளையோடு நின்று, ஜீப் வருமா என்று ஏதாவது கேட்டுவிட்டுப் போவாள்.

மடங்கிய கையோடு செபமாலையம்மாள் எதிரே வந்தால் பிச்சைமணி ஓரமாக ஒதுங்கி நிற்பான். அவர் கடந்து போவார். குருவம்மாள் கொஞ்ச நாள் மேட்டுக்குத் தண்ணீர் சுமந்தாள். "ஒன் புருசன் செஞ்சதுக்கு நீ எதுக்குடி சொமக்குற?" என்று அவர் குடத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அன்று முதல் பிச்சைமணியே ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு வெட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் போட்டான். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இடுக்கியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிச் சில வருஷம் கழித்துத்தான் சக்குபள்ளத்து மேடுகளுக்குக் கரண்டுக் கம்பம் வந்தது. மழை விட்ட ஒரு காலையில் விறகுக் கட்டோடு பிச்சைமணி ஏறிப் போனபோது, செபமாலையம்மாள் வீட்டில் நெடுங்கண்டத்திலிருந்து வந்த ஒரு வயர்மேன் ஏணி போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் புது வயர்ச் சுருள் கிடந்தது. விறகை இறக்கிய பிறகும் பிச்சைமணி நகரவில்லை. அவன் கண் சுருள் மேலேயே இருந்தது.

உள்ளேயிருந்து செபமாலையம்மாள் வந்தார்.

"என்னா பாக்குற?"

"ஒன்னுமில்லக்கா."

"நல்ல வயருதான். கம்பத்துக்கு நானே எறங்கிப் போயி, நுனியச் சீவிக் காட்டச் சொல்லித்தான் வாங்கியாந்தேன். இவரு வேற ஒன்னு வச்சிருந்தாரு, வேணாம்னுட்டேன்."

ஏணியிலிருந்த வயர்மேன், "ஆமாண்ணே, இந்தம்மா என்னைய ஒரு வழி பண்ணீருச்சு" என்று சிரித்தான்.

பிச்சைமணியால் சிரிக்க முடியவில்லை. "சரிக்கா" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான். ஒர்க்‌ஷாப்பில் அன்று இரண்டு ஜீப் காத்துக்கொண்டு நின்றன.